டோஸ் பேட்ஜை எங்கே, எப்படி அணிவது: அணுமின் நிலையத்துக்குள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அந்த ஃபிட்டருக்கு ஐம்பது வயது இருக்கும். உலையை நிறுத்திப் பெரிய பராமரிப்பு வேலைகள் செய்யும் காலங்களில் ஒப்பந்தக்காரரோடு வந்து சேர்வார். அன்று உடைமாற்றும் அறையில் அவருடைய டோஸ் பேட்ஜ், அதாவது உடம்பு வாங்குகிற கதிர்வீச்சின் அளவைப் (டோஸை) பதியும் பேட்ஜ், நெஞ்சில் ஒழுங்காகவே இருந்தது. அதன் முகத்தின் மேல், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு விபூதிப் பொட்டலமும் இருந்தது.

"அண்ணே, இது எதற்கு?"

"உள்ளே போகிறோம் தம்பி. பேட்ஜோடு சாமியும் சேர்ந்து காப்பாற்றட்டும்."

கழற்றச் சொன்னேன். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு, பொட்டலத்தை லாக்கரில் வைத்துவிட்டு வந்தார். சாமி காப்பாற்றுவதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. பேட்ஜ் காப்பாற்றாது என்பது மட்டும் நிச்சயம். ஒரு கதிரைக்கூட அது தடுக்காது. பேட்ஜ் ஒரு கணக்குப்பிள்ளை. நெல் அளக்கிற களத்தில் நின்றால்தான் அவர் எழுதுவது அந்தக் களத்தின் கணக்கு. எங்கோ வரப்பு நிழலில் உட்கார்ந்து எழுதினாலும் நோட்டு நிரம்பும். நெல்லுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. கீழே வருகிற எல்லா விதிகளும் அந்தக் கணக்குப்பிள்ளையைக் களத்திலேயே நிற்க வைப்பதற்கானவை.

கல்பாக்கத்தில் இருப்பதுபோன்ற கனநீர் உலைகளையும் கூடங்குளத்தில் இருப்பதுபோன்ற சாதாரண நீர் உலைகளையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். உங்கள் நிலையத்தின் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவு (கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கிற பிரிவு) ஒரு வேலைக்கென்று தனியாக ஏதாவது சொன்னால் அதுதான் முதல் சொல்; இது அதற்கு அடுத்தது.

இரண்டு கருவிகள், இரண்டு வேலைகள்

கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் போகிற ஒருவரிடம் வழக்கமாக இரண்டு கருவிகள் இருக்கும். ஒன்று டி.எல்.டி. (தெர்மோலூமினசென்ட் டோசிமீட்டர்) பேட்ஜ். அணுமின் நிலையங்களில் இதை மாதத்துக்கு ஒருமுறை மாற்றிப் படிக்கிறார்கள். உங்கள் பெயரில் பதிவாகிற டோஸ் இதிலிருந்து வருவது. மற்றது டி.ஆர்.டி. (டைரக்ட் ரீடிங் டோசிமீட்டர்) என்று எல்லோரும் சொல்கிற, அப்போதைக்கப்போது பார்த்துத் தெரிந்துகொள்ளும் டோசிமீட்டர். மாதச் சம்பளக் கணக்குக்கும் சட்டைப் பையில் உள்ள சில்லறைக்கும் உள்ள உறவுதான் இரண்டுக்கும். கையிருப்பு எவ்வளவு என்று நடுவழியில் சொல்லத் தெரிந்தது டி.ஆர்.டி. மட்டுமே.

டி.எல்.டி.யின் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்தியாவில் புழங்குவது பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய வகை. ஓர் அலுமினியத் தகடு, அதில் பொருத்திய மூன்று வட்ட வில்லைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13 மி.மீ. விட்டம், 0.8 மி.மீ. தடிமன், டிஸ்ப்ரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு சேர்த்து அழுத்திச் செய்தவை. கதிர்வீச்சு பட்டால் அந்த ஆற்றலில் ஒரு பங்கை இந்த வில்லை பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கும்போது அதை ஒளியாக உமிழும். ஒளி எவ்வளவோ டோஸ் அவ்வளவு.

தகடு உட்காருகிற பிளாஸ்டிக் கேசட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல் வில்லைக்கு மேல் செம்பும் அலுமினியமும் சேர்ந்த உலோக வடிகட்டி, இரண்டாவதுக்கு மேல் பிளாஸ்டிக், மூன்றாவதுக்கு மேல் திறந்த ஜன்னல். வலுவான காமா கதிர் மூன்றையும் எட்டும். எளிதில் தடுபடுகிற பீட்டா கதிர் பெரும்பாலும் ஜன்னலில்தான் நுழையும். மூன்று வில்லைகளின் அளவுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் என்ன வகைக் கதிர், உடலின் ஆழத்துக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு என்று பிரிக்கிறார்கள். ஜன்னலின் மேல் விபூதிப் பொட்டலம் கட்டினால் மூன்று சாட்சிகளில் ஒருவர் வாயைப் பொத்தியதாகிறது. அடையாள அட்டை, பேனா மூடி, சில்லறை எதுவானாலும் இதே கதைதான்.

படி 1: வாசலில் எடுக்கும்போது

பேட்ஜ் பலகையிலிருந்து உங்களுடையதை நீங்களே எடுங்கள். ஒருவர் ஐந்து பேருக்குச் சேர்த்து எடுத்து வருகிற பழக்கம் ஒப்பந்தக் குழுக்களில் உண்டு. அவசரத்தில் வினியோகம் மாறிப்போகும். நம் ஊரில் ஒரு குழுவில் இரண்டு செல்வராஜ், மூன்று முருகன் சர்வசாதாரணம். இனிஷியலும் ஒன்றாக அமைந்த கூத்தெல்லாம் நடந்திருக்கிறது. ஆகவே பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். வங்கிக் கணக்கு எண்ணை மறக்காத மனிதர்கள் டி.எல்.டி. எண்ணை மறப்பது எனக்கு என்றும் வியப்பு.

அடுத்தது மாதம். மாறுகிற நாளில் பழைய மாதத்து அட்டை யாரிடமாவது தங்கிவிடும். பிறகு கேசட்டைத் திருப்பிப் பாருங்கள்: விரிசல் இருக்கிறதா, மூடி இறுக மூடியிருக்கிறதா, உலோக வடிகட்டி கழன்று விழுந்திருக்கிறதா, உள்ளே அட்டையைச் சுற்றிய காகித உறை கிழிந்திருக்கிறதா. காதருகே வைத்து லேசாகக் குலுக்கினால் கழன்ற வடிகட்டி தானே சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். எதாவது ஒன்று சரியில்லை என்றால் அப்போதே மாற்றி வாங்குங்கள். அட்டையைக் கேசட்டிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாம். உறைக்குள் இருக்கிற வில்லைகளுக்கு வெளிச்சமும் ஆகாது, விரல் அழுக்கும் ஆகாது. வடிகட்டி இல்லாத வெறும் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போவது, எடைக்கல் இல்லாமல் தராசை மட்டும் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவது.

படி 2: நெஞ்சில், முகம் வெளிப்பார்த்து

இடம் நெஞ்சு. கழுத்துக்கும் இடுப்புக்கும் நடுவே, உடம்பின் முன்பக்கம். சட்டப்படியான வரம்பு முழு உடலுக்கானது. அந்த முழு உடலுக்காக ஒரே ஒரு புள்ளி பேச வேண்டும். கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் உறுப்புகள் பெரும்பாலும் நடு உடம்பில்தான் இருக்கின்றன: நுரையீரல், இரைப்பை, குடல், விலா எலும்பிலும் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் உள்ள இரத்தம் ஊறும் மஜ்ஜை. வேலை செய்கிறவர் பெரும்பாலும் கதிர் வருகிற பொருளுக்கு முகம் காட்டித்தான் நிற்கிறார். இந்த இரண்டு காரணங்களுக்காகத்தான் நெஞ்சைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பேட்ஜைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வால்வுக்கு முன்னால் நின்றால், காமா உங்கள் உடம்பை ஊடுருவிக்கொண்டுதான் பேட்ஜை அடைய வேண்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் நல்ல தடுப்பு. நீங்கள் வாங்கியதில் ஒரு பகுதியைத்தான் பேட்ஜ் எழுதும். நீங்களே கவசமாக நின்று உங்கள் பேட்ஜைக் காப்பாற்றியிருப்பீர்கள்.

கழுத்துப் பட்டையில் தொங்கவிடுவதும் சரியில்லை. நிமிர்ந்து நிற்கும்போது வயிற்றில் இருக்கும்; குனிந்தால் ஊஞ்சலாடி, தரையோரக் குழாயை முத்தமிட்டுத் திரும்பும். கிளிப்பைத் துணியில் கடிக்கவைத்து, ஆடாமல், திரும்பாமல் நிற்கச் செய்யுங்கள். முகம் எது, முதுகு எது என்று பார்த்து, ஜன்னல் வெளிப்பக்கம் இருக்கும்படி வையுங்கள். திரும்பிக்கொண்டால் பீட்டாவைப் பார்க்க வேண்டிய ஜன்னல் உங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அலுவலகப் பகுதியிலிருந்து புடவையில் வருகிற பெண்கள் முந்தானை மடிப்பு பேட்ஜை மூடாதபடி தோள்பக்கமாகச் சற்று ஏற்றிக் குத்திக்கொள்ளலாம். பாய்லர் சூட்டுக்கு மாறியபின் எல்லோருக்கும் ஒரே இடம்தான்.

டி.ஆர்.டி.யையும் அதே நெஞ்சில், டி.எல்.டி.க்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கக் கூடாது. மின்னணு டோசிமீட்டருக்குள் பேட்டரியும் உலோகமும் இருக்கின்றன; அது முன்னால் நின்றால் பின்னால் இருப்பதற்கு நிழல் விழும். பக்கம்பக்கமாக இருந்தால் மாதக் கடைசியில் இரண்டின் கணக்கையும் ஒப்பிடலாம். நிறைய வித்தியாசம் வந்தால் ஏதோ ஓர் இடத்தில் தவறு நடந்திருக்கிறது என்று தெரியும்.

படி 3: எந்த உடைக்கு உள்ளே, எந்த உடைக்கு வெளியே

வெறும் பாய்லர் சூட் என்றால் அதன் மேல் நெஞ்சுப்பக்கம். அழுக்கு, அதாவது கதிரியக்கத் தூசோ நீரோ ஒட்டக்கூடிய இடம் என்றால் பேட்ஜை மெல்லிய பாலித்தீன் பையில் போட்டு அணியுங்கள். காரணம் எளியது. பேட்ஜின் மேல் ஒரு துளி ஒட்டிக்கொண்டால் அது உங்களை விட்டு நீங்கியபின்னும் பலகையில் இரவெல்லாம் பேட்ஜுக்கு டோஸ் கொடுத்துக்கொண்டிருக்கும். மாதக் கடைசியில் வருகிற எண்ணைப் பார்த்து வீட்டில் தூக்கம் போகும். தடித்த உறை, இரண்டு மூன்று மடிப்பு என்று போகாதீர்கள். வலுக்குறைந்த பீட்டாவை அதுவே தின்றுவிடும்.

கனநீர் உலைகளில் டிரிட்டியம் (கதிரியக்கமுள்ள ஒருவகை ஹைட்ரஜன்) மிகுந்த இடங்களுக்குக் காற்றூட்டப்பட்ட பிளாஸ்டிக் சூட் அணிந்து போவார்கள். அங்கே பேட்ஜும் டி.ஆர்.டி.யும் சூட்டுக்கு உள்ளே, உடம்பின் மேல். சூட்டுக்குள் போகுமுன் டி.ஆர்.டி.யைப் படித்துவிடுங்கள், எண் பார்வைக்குப் படுகிற இடமா என்று உடன் வருகிறவரைக் கேளுங்கள். உள்ளே காற்று இரைகிற சத்தத்தில் அலாரம் காதில் விழாமல் போகலாம். அதனால் நேரத்தைக் கணக்கிடுவதற்கு வெளியே ஒருவர் நிற்பது நல்லது. பல வேலைகளில் அது கட்டாயமும்கூட.

படி 4: டி.ஆர்.டி.யோடு பேசிக்கொண்டே வேலை

முன்பு பேனா வடிவத்தில் ஒரு டோசிமீட்டர் இருந்தது. வெளிச்சத்தின் பக்கம் தூக்கி, ஒற்றைக்கண்ணால் உள்ளே பார்த்தால், 0 முதல் 200 மில்லிராண்ட்ஜன் (கதிர்வீச்சின் பழைய அலகு) வரை கோடிட்ட அளவுகோலில் மயிரிழை ஒன்று நிற்கும். கீழே போட்டால் இழை ஓடிப்போய் எங்கோ நிற்கும். போட்டவர் முகம் அதைவிட ஓடிப்போயிருக்கும். இப்போது மின்னணுக் கருவி, எண் நேராகவே தெரிகிறது, அலாரமும் அடிக்கிறது. ஆனால் பழைய பேனாவுக்கு ஒரு நன்மை இருந்தது: அது தானாகக் கத்தாது என்பதால் எல்லோரும் அடிக்கடி எடுத்துப் பார்த்தார்கள். இன்று "கத்தும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடுகிறார்கள்.

போகும் முன்: கருவி உங்கள் எண்ணில் பதிவானதா, அளவு பூஜ்யமா, பேட்டரி இருக்கிறதா, டோஸ் அலாரமும் டோஸ் வேக அலாரமும் வேலைக்கான அனுமதிச் சீட்டில் எழுதியபடி இருக்கின்றனவா. இரண்டும் வேறுவேறு. முதலாவது 'இதுவரை வாங்கியது போதும்' என்கிறது. இரண்டாவது 'நீ நிற்கிற இடம் சரியில்லை' என்கிறது.

வேலை நேரத்தை முன்கூட்டியே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 0.6 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு) உள்ள இடத்தில் பத்து நிமிடம் நின்றால் 0.1. அனுமதி 0.2 என்றால் உங்களுக்கு இருபது நிமிடம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் வேலை பாதியில் மாட்டிக்கொள்ளாது. ஸ்பானர் தேடுவதை அங்கே நின்றுகொண்டு செய்யாதீர்கள். அலாரம் அடித்தால் கையிலிருப்பதைப் பத்திரமாக வைத்துவிட்டு வெளியே வருவதுதான் அடுத்த வேலை. 'இன்னும் ஒரே ஒரு போல்ட்டு' என்பது எங்கள் தொழிலில் மிக விலையுயர்ந்த வாக்கியம்.

ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 மார்ச் 24 அன்று நடந்தது இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாம் உலையின் டர்பைன் கட்டடத்து அடித்தளத்தில் மூன்று பேர் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். தேங்கிய தண்ணீரில் நின்று வேலை. டோசிமீட்டர் அலாரம் அடித்தது. கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று எண்ணி வேலையைத் தொடர்ந்தார்கள். முந்தைய நாள் அதே இடத்தில் அவ்வளவு தண்ணீர் இல்லை, கதிர்வீச்சும் குறைவு. அந்த நினைப்பு அவர்களை நிற்கவிடவில்லை. மூவருக்கும் 170 மில்லிசீவர்ட்டைத் தாண்டிய டோஸ். இருவருடைய காலணிக்குள் தண்ணீர் புகுந்து கால் தோலில் பீட்டா கதிர் பட்டது, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இதில் இரண்டு பாடங்கள். சந்தேகம் வந்தால் கருவியை நம்பி வெளியே வாருங்கள், கருவி கெட்டதா என்பதை வெளியே நின்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, நெஞ்சிலிருந்த டோசிமீட்டரால் காலில் நடந்ததைச் சொல்ல முடியாது.

படி 5: நெஞ்சு மட்டும் போதாத வேலைகள்

இந்த இரண்டாவது பாடத்தில் கொஞ்சம் நின்று போகலாம். தவறுகள் மலிந்த இடம் இதுதான்.

கதிர் ஒரு சிறு புள்ளியிலிருந்து வருகிறது என்று வையுங்கள். வால்வின் மூலையில் தங்கிய ஒரு கோபால்ட் துணுக்கு, குழாய் வளைவில் படிந்த ஒரு துகள். தூரம் பாதியானால் கதிர்வீச்சு நான்கு மடங்கு. ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு 0.2 மில்லிசீவர்ட் என்றால், அரை மீட்டரில் 0.8, பத்து சென்டிமீட்டரில் 20. கால் மணி நேரம் அந்த வால்வின் கிளாண்டை (தண்டைச் சுற்றிய கசிவுத் தடுப்பை) பிரிக்கிறீர்கள். நெஞ்சு அரை மீட்டரில், கை பத்து சென்டிமீட்டரில். பேட்ஜ் 0.2 எழுதும். கை வாங்கியது 5. இருபத்தைந்து மடங்கு. கையைப் பற்றி அந்தக் கணக்குப்பிள்ளைக்கு எதுவுமே தெரியாது.

இப்படிப்பட்ட வேலைக்கு மணிக்கட்டுப் பேட்ஜோ விரல் மோதிரமோ கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டுப் பேட்ஜ் கடிகாரம்போல வெளிப்பக்கம் பார்க்கக் கூடாது. உள்ளங்கைப் பக்கம், பிடிக்கிற பொருளைப் பார்க்க வேண்டும். மோதிரமும் அப்படியே: வில்லை உள்ளங்கைப் பக்கம், அதிகம் வேலை செய்கிற கையில், கையுறைக்கு உள்ளே. இடக்கைக்காரர்களுக்கு வலக்கையில் மாட்டிவிட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் யாரும் இல்லை, சொன்னவரும் இல்லை.

தலைக்கு மேலே குழாய்கள் ஓடுகிற இடம், நீராவி ஆக்கியின் திறப்புக்குள் தலையை விட்டுச் செய்கிற வேலை: தலைப் பேட்ஜ். காலுக்குக் கீழே கம்பித்தளம், அதற்கும் கீழே சூடான (கதிர்வீச்சு மிகுந்த) குழாய் என்றால் முழங்காலுக்கும் தொடைக்கும் அருகே இன்னொன்று. முதுகுப்புறம் கதிர்மூலம் வைத்துக்கொண்டு வேலை செய்யும் நிலை வந்தால் முதுகிலும் ஒன்று. எந்தப் பேட்ஜ் எந்த இடத்தில் இருந்தது என்று கழற்றும்போதே எழுதி ஒட்டுங்கள். மூன்று பேட்ஜ்களையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து கவுன்டரில் கொட்டினால், எது தலை எது கால் என்று கண்டுபிடிப்பதற்குச் சோழி போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கூடுதல் பேட்ஜ் போட்டால் நெஞ்சுப் பேட்ஜைக் கழற்றலாம் என்று பொருளில்லை. அது எப்போதும் இருக்கும். நியூட்ரான் உள்ள இடங்களுக்கு சி.ஆர்.39 என்ற பிளாஸ்டிக் தகடு வைத்த தனிப் பேட்ஜ் உண்டு; நியூட்ரான் மோதலால் உண்டாகும் நுண்ணிய தடங்களை வேதிப்பொருளில் ஊறவைத்து எண்ணுவார்கள். வழக்கமான டி.எல்.டி.யை மட்டும் நம்பி அங்கே போவது கூடாது.

படி 6: பேட்ஜுக்குக் கண் தெரியாத ஒன்று

கனநீர் உலையில் வேலை செய்கிறவர்கள் இதை இரண்டு முறை படிக்கலாம். டிரிட்டியத்தின் பீட்டா மிகமிக வலுவற்றது. அதிகபட்ச ஆற்றல் 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட். காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் ஓய்ந்துவிடும். பேட்ஜின் காகித உறையைக்கூடத் தாண்டாது. டி.எல்.டி.யும் டி.ஆர்.டி.யும் எவ்வளவு ஒழுங்காக அணிந்தாலும் டிரிட்டியத்தைப் பற்றி ஒரு வரி எழுதாது.

ஆனால் கனநீர் ஆவியாக மூச்சிலும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போய்த் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும். அதை அளக்கிற பேட்ஜ் சிறுநீர்ப் புட்டிதான். கொடுக்கச் சொன்ன நாளில், கொடுக்கச் சொன்ன நேரத்தில், கை கழுவிவிட்டு, உங்கள் புட்டியில், உங்கள் எண் எழுதி. கூச்சத்தில் அடுத்தவரிடம் வாங்கி நிரப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. அது பேட்ஜை மாற்றிப் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுடைய உடம்பில் டிரிட்டியம் சேர்ந்திருந்தது. யாரோ வேண்டுமென்றே குடிநீர்க் குளிரூட்டியில் டிரிட்டியம் கலந்த கனநீரைக் கலந்துவிட்டிருந்தார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனை. உடம்பிலுள்ள தண்ணீர் ஏறக்குறைய பத்து நாளில் பாதி மாறிவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் குடித்தால் டிரிட்டியமும் வேகமாக வெளியேறும். சிகிச்சையின் அடிப்படையும் அதுவே. மாதிரி கொடுப்பதைத் தள்ளிப்போட்டால் அந்தப் பத்து நாட்களில் கணக்கும் பாதி கரைந்துபோகும்.

படி 7: வெளியே வரும்போது

வரிசை முக்கியம். முதலில் டி.ஆர்.டி.யின் எண்ணைப் படித்துப் பதிவு செய்யுங்கள். பிறகு மேலுடைகளைக் கழற்றும்போது பேட்ஜையும் டி.ஆர்.டி.யையும் அழுக்குக் கையுறையால் தொடாமல், பாலித்தீன் உறையைப் பிரித்துப் போட்டுவிட்டு, சுத்தமான கையால் எடுங்கள். கை கால் மானிட்டரில் நிற்கும்போது பேட்ஜையும் காட்டுங்கள். கதிரியக்க அழுக்கு ஒட்டியிருந்தால், நீங்களே தண்ணீர் விட்டுத் தேய்க்காமல், ஹெல்த் பிசிக்ஸ்காரரிடம் கொடுங்கள்.

கழற்றிய பாய்லர் சூட்டில் பேட்ஜை விட்டுவிட்டுப் போவது ஆண்டுக்கு எத்தனை முறை நடக்கிறது என்று சலவைக்கூடத்தில் கேட்டால் தெரியும். சலவை இயந்திரத்தில் சுற்றி வந்த பேட்ஜ் பளிச்சென்று இருக்கும். அதன் கணக்கும் அதைப்போலவே பளிச்சென்று துடைக்கப்பட்டிருக்கலாம்.

பலகையில் அதற்குரிய இடத்தில் மாட்டுங்கள். அதே பலகையில் யாருக்கும் கொடுக்காத கட்டுப்பாட்டுப் பேட்ஜ் ஒன்று தொங்கும். அந்த இடத்தின் இயற்கைக் கதிர்வீச்சை அது எழுதுகிறது. உங்கள் அளவிலிருந்து அதைக் கழித்துத்தான் வேலையால் வந்த டோஸைக் கணக்கிடுகிறார்கள். உங்கள் பேட்ஜ் வீட்டில் அலமாரியிலோ, சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியிலோ கிடந்தால் கழித்தல் தப்பாகும். வெப்பம் வில்லையில் சேர்ந்ததை மெல்லக் கசியவிடும்.

ஏதாவது தவறு நடந்துவிட்டால்

தொலைந்ததா, நனைந்ததா, இன்னொருவருடையதை அணிந்துவிட்டீர்களா: அன்றைக்கே சொல்லுங்கள். டி.ஆர்.டி. பதிவு, கூட வேலை செய்தவர்களின் அளவு, அந்த இடத்தில் எடுத்த அளவீடு, நின்ற நேரம் ஆகியவற்றை வைத்து டோஸை மதிப்பிட்டு எழுதுவார்கள். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் இவற்றில் பாதி நினைவிலிருந்து போயிருக்கும்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும்போதும் ரயில் நிலையத்தில் பையை ஸ்கேன் இயந்திரத்தில் வைக்கும்போதும் பேட்ஜ் உங்களோடு இருக்கவே கூடாது. இருதயத்துக்கோ தைராய்டுக்கோ கதிரியக்க மருந்து செலுத்தி ஸ்கேன் எடுத்திருந்தால், வேலைக்குத் திரும்புமுன் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் சொல்லுங்கள். சில நாட்களுக்கு உங்கள் உடம்பே பேட்ஜுக்கு டோஸ் கொடுக்கும், வாசல் மானிட்டரும் உங்களைக் கண்டு அலறும்.

கருவுற்ற பெண்கள் தெரிந்தவுடன் தெரிவிப்பது நல்லது. அந்த நாளிலிருந்து பிரசவம்வரை கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட் மட்டுமே. வேலை இடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. நெஞ்சுப் பேட்ஜோடு அடிவயிற்றருகே இன்னொன்று கொடுத்தால் அதையும் அணியுங்கள்.

டோஸை மறைப்பதைப் பற்றி

இதை எழுதாமல் விட்டால் வழிகாட்டி பாதிதான். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த வரம்பு: தொடர்ந்து ஐந்து ஆண்டுகளின் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது. கை கால்களுக்கும் தோலுக்கும் ஆண்டுக்கு 500. நிலையங்கள் இந்த வரம்புக்கு வெகு கீழேயே தமக்கென்று ஓர் எல்லை வைத்திருக்கும். தினக்கூலிக்கு வருகிறவருக்கு இந்த எண்கள் வேறு மொழியில் கேட்கின்றன: டோஸ் முடிந்தால் வேலை முடிந்தது. அதனால்தான் பேட்ஜைக் கருவிப்பெட்டிக்குப் பின்னால் மாட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். விவரம் போதாமல் செய்கிறவர்கள் சிலர். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்கிறவர்களே அதிகம். பேட்ஜைச் சரியாக அணியச் சொல்கிறவர், டோஸ் ஏறியவருக்குக் கதிர்வீச்சில்லாத பகுதியில் வேலை தருவதற்கும் வாய் திறக்க வேண்டும். அது இல்லாத அறிவுரையை நான் மதிப்பதில்லை.

2011 டிசம்பரில் ஃபுகுஷிமாவில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பாளர், டோசிமீட்டர்களை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளும்படி தொழிலாளர்களிடம் சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் செய்தி வெளியானது. மானக்கேடு ஒரு பக்கம் இருக்கட்டும். சீசியத்தின் காமாவைப் பாதியாக்கவே ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். சில மில்லிமீட்டர் தகட்டால் கருவியின் எண் கொஞ்சம் குறைந்திருக்கும், மனிதர் வாங்கியது மயிரளவும் குறைந்திருக்காது. நம் டி.எல்.டி.யில் மூன்று வில்லைகள் வேறு இருக்கின்றன. முன்னால் எதையாவது வைத்து மறைத்தால் அவற்றின் விகிதம் கோணலாகும். படிக்கிறவருக்கு அது கண்ணில் படும்.

எதிர்த்திசையிலும் நடக்கும். பகைக்காகவோ விளையாட்டுக்காகவோ ஒருவருடைய பேட்ஜைச் சூடான குழாயருகே விட்டுவிடுவார்கள். மனிதர் வாங்காத டோஸ் அவர் பெயரில் ஏறும். அளவு மிகப் பெரிதாக இருந்து சந்தேகம் எழுந்தால், இரத்தத்தில் குரோமோசோம் சோதனை செய்து உடம்பு உண்மையில் வாங்கியதா என்று பார்க்க முடியும். உங்கள் பேட்ஜ் உங்கள் பார்வையிலிருந்து விலகாமல் இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

மாதக் கணக்கு வந்ததும் உங்கள் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சிறு நோட்டில் டி.ஆர்.டி. கூட்டலையும் பக்கத்தில் எழுதி வாருங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது சம்பளச் சீட்டோடு டோஸ் விவரச் சீட்டையும் வாங்குங்கள். அடுத்த நிலையத்தில் வேலைக்குச் சேரும்போது முதலில் கேட்கப்படுவது அதுதான். தேசிய டோஸ் பதிவேட்டில் உங்கள் எண்ணின்கீழ் இருப்பதும் உங்கள் நோட்டில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று அங்கே உட்கார்ந்தே பார்த்துவிடலாம்.

விபூதி அண்ணன் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தார். அட்டையில் பிள்ளையார் சுழி, உள்ளே முதல் பத்தியில் கூலி, இரண்டாம் பத்தியில் டோஸ்.